அவுட்போர்டு மோட்டாரில் கியர் விழவில்லையா? எங்கே பார்ப்பது, எதைத் தொடாமல் விடுவது

மொரீசியஸில் முதல் படகு வாங்குகிற பலர், பின்புறத்தில் பழைய அவுட்போர்டு மோட்டார் மாட்டிய படகைத்தான் வாங்குகிறார்கள். மாயேபூர் விரிகுடாவில் தூண்டில் போட, த்ரூ தோ தூஸிலிருந்து இல் ஓ செர்ஃப் தீவுப் பக்கம் குடும்பத்தோடு போய்வர, அது போதும். கொஞ்ச நாள் எல்லாம் ஒழுங்காக ஓடும். அப்புறம் ஒரு நாள் கியர் லீவரைத் தள்ளினால் கல்லாக நிற்கும், அல்லது லீவர் மட்டும் போகும், படகு போகாது. கியர் விழும்போது கறகறவென்று பல் உடைகிற சத்தம் கேட்கும். உடனே பக்கத்துப் படகுக்காரர் ஒருவர் வந்து, "கியர்பாக்ஸ் போச்சுப்பா" என்பார்.

அவர் பேச்சைக் கேட்டு உடனே ஸ்பேனரை எடுக்காதீர்கள். கியர் கோளாறு என்று சொல்லப்படுவதில் பெரும்பாலானவை கியர்பாக்ஸுக்கு வெளியேதான் இருக்கும். கேபிள், கிளிப், ஐடில் வேகம் (வேகம் கொடுக்காதபோது எஞ்சின் ஓடும் வேகம்), புரொப்பல்லருக்குள் இருக்கும் ரப்பர் என்று கையெட்டும் இடங்கள் அவை. கோளாறு எந்தப் பாதியில் இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் நட்டைத் தொட வேண்டும். கீழே சொல்லியிருக்கும் வரிசையும் அதற்காகத்தான். தாண்டித் தாண்டிப் போகாமல் அதே வரிசையில் பாருங்கள்.

உள்ளே என்ன நடக்கிறது

இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. எஞ்சினிலிருந்து ஒரு நீளத் தண்டு நேராகக் கீழே இறங்குகிறது. அதன் நுனியில் பினியன் எனும் சின்னப் பல்சக்கரம். அது முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு பெரிய சக்கரங்களை ஒரே சமயத்தில் எதிரெதிர்த் திசையில் சுற்றுகிறது. எஞ்சின் ஓடுகிறவரை இந்த மூன்றும் சேர்ந்தே சுற்றும், நியூட்ரலில்கூட. புரொப்பல்லர் தண்டு அவற்றின் நடுவே புகுந்து போகிறதே தவிர, எதோடும் ஒட்டாது.

அந்தத் தண்டின்மேல் முன்னும் பின்னும் நகர்கிற தடித்த உருளை ஒன்று இருக்கிறது. அதற்கு டாக் கிளட்ச் என்று பெயர். இரு முகத்திலும் தடிமனான பற்கள் உண்டு. லீவரை முன்னால் தள்ளினால் இந்த உருளை நகர்ந்து, முன் சக்கரத்தின் பற்களோடு இரண்டு கை விரல்களைக் கோத்ததுபோல மாட்டிக்கொள்ளும். பின்னால் இழுத்தால் ரிவர்ஸ் சக்கரத்தோடு மாட்டும். நடுவில் நின்றால் நியூட்ரல்.

காரில் பழகியவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். காரின் கிளட்ச் வழுக்கி வழுக்கி மெதுவாகச் சேரும். இதில் அந்த ஏற்பாடே கிடையாது. எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்றில் ஐடிலில் ஓடுகிறது என்று வையுங்கள். பல மோட்டார்களில் பல்சக்கரக் கணக்கு ஏறத்தாழ இரண்டுக்கு ஒன்று. ஆகவே உள்ளே அந்தச் சக்கரம் நிமிடத்துக்கு 400 சுற்று சுற்றிக்கொண்டிருக்கும். அதோடு நிற்கிற உருளையை மாட்டுகிறோம். லீவரைப் பயந்து பயந்து மெல்லத் தள்ளினால், பல்லின் முனையும் பல்லின் முனையும் உரசிக்கொண்டே இருக்கும். அந்தக் கறகற சத்தம் அதுதான். நாளடைவில் பல்லின் கூர்மூலை தேய்ந்து உருண்டுவிடும். உருண்ட பல் பிடிக்காது. கியர் தானாகக் கழன்றுவிடும்.

அதனால் கியர் போடும் முறையே முதல் வைத்தியம். எஞ்சினை ஐடிலுக்கு இறக்குங்கள், ஒரு மூச்சு விடுங்கள், பிறகு லீவரை ஒரே அழுத்தில் டக்கென்று தள்ளுங்கள். முன்னாலிருந்து ரிவர்ஸுக்குப் போகும்போது நடுவில் நியூட்ரலில் நிறுத்தி, படகின் வேகம் குறையட்டும். எஞ்சின் நின்றிருக்கும்போது லீவரைக் கட்டாயப்படுத்தவே கூடாது. பல்லும் பல்லும் நேருக்கு நேர் நின்றால் எவ்வளவு பலசாலி தள்ளினாலும் விழாது. வளைவது கேபிள்தான். நின்ற எஞ்சினில் கியர் போட்டே ஆக வேண்டுமென்றால், ஒருவர் புரொப்பல்லரைக் கையால் மெல்லச் சுற்ற, இன்னொருவர் லீவரைத் தள்ள வேண்டும்.

லீவருக்கும் அந்த உருளைக்கும் நடுவே ஒரு சங்கிலியே இருக்கிறது: கட்டுப்பாட்டுப் பெட்டி, கேபிள், எஞ்சின் பக்கத்திலுள்ள ஷிஃப்ட் கை, அங்கிருந்து கீழே இறங்கும் ஷிஃப்ட் ராடு, கடைசியில் உருளையைத் தள்ளும் கேம். கைப்பிடி பிடித்து ஓட்டும் சிறிய மோட்டாரில் பெட்டியும் கேபிளும் இருக்காது. மோட்டாரின் உடம்பிலேயே லீவர் இருக்கும்.

தொடுவதற்கு முன்

புரொப்பல்லரில் கை வைக்குமுன் கில் கார்டை (இழுத்தால் எஞ்சினை அணைக்கும் பாதுகாப்புக் கயிறு) கழற்றுங்கள், ஸ்பார்க் பிளக் வயர்களையும் பிடுங்கிவிடுங்கள். இரண்டும் செய்ய வேண்டும். கியரில் இருக்கும்போது புரொப்பல்லரைச் சுற்றினால் எஞ்சினும் சேர்ந்து சுற்றும். சூடான எஞ்சின் ஒரு உதை உதைத்தாலும் விரல் போய்விடும்.

கரையில் எஞ்சினை ஓட்டிச் சோதிப்பதானால் தண்ணீர் கொடுக்காமல் ஓட்டக் கூடாது. வாட்டர் பம்பின் ரப்பர் சக்கரம் வறண்டு ஓடினால் கொஞ்ச நேரத்திலேயே கருகிவிடும். தண்ணீர் நிரப்பிய டிரம்மில் இறக்குங்கள், அல்லது மோட்டார் தண்ணீர் உறிஞ்சும் துளைகளின்மேல் காதடைப்பான் எனும் ரப்பர் கிண்ணங்களை மாட்டி ஹோஸ் கொடுங்கள். எப்படி ஓட்டினாலும் புரொப்பல்லரைக் கழற்றிவிட்டு ஓட்டுவதுதான் நல்லது.

கியர்தானா என்று முதலில் பாருங்கள்

எஞ்சின் ஐடிலில் கியர் விழுகிறது, படகும் மெல்ல நகர்கிறது. ஆனால் வேகம் கொடுத்தால் எஞ்சின் மட்டும் வீறிடுகிறது, படகு அதே இடத்தில் தவழ்கிறது. இது கியர் கோளாறு மாதிரியே தெரியும். ஆனால் பெரும்பாலும் புரொப்பல்லரின் வேலை.

புரொப்பல்லரின் நடுவே ஒரு ரப்பர் புஷ் அழுத்தி இறக்கப்பட்டிருக்கும். பவழப் பாறையில் இடித்தால் கியர் உடையாமல் அந்த ரப்பர் வழுக்கட்டும் என்பதற்காகவே வைத்தது. பவழத் தடுப்புக்கு உள்ளேயுள்ள நம் லகூனில் நீர்மட்ட ஏற்ற இறக்கம் ஏறத்தாழ அரை மீட்டர்தான் என்றாலும், பவழத் திட்டுகளின்மேல் அந்த அரை மீட்டரே தப்பிப்பதற்கும் இடிப்பதற்கும் உள்ள வித்தியாசம். இரண்டு மூன்று முறை இடித்த ரப்பர் தன் பிடியை இழந்துவிடும். சோதிப்பது சுலபம். புரொப்பல்லரின் பின்முகத்தில் நடுவிலுள்ள உலோகக் குழாயிலிருந்து வெளிவளையம் வரை பெயின்ட்டால் ஒரே நேர்கோடு போடுங்கள். கொஞ்ச தூரம் வேகமாக ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். கோடு உடைந்து இரண்டு இடத்தில் நின்றால் புஷ் வழுக்குகிறது. புரொப்பல்லரை மாற்றுங்கள், அல்லது புஷ்ஷை மாற்றிக் கொடுப்பவரிடம் கொடுங்கள். கியர்பாக்ஸைத் தொட வேண்டியதே இல்லை.

காதாலும் பிரித்தறியலாம். புஷ் வழுக்கும்போது சத்தம் இல்லாமல் எஞ்சின் வேகம் மட்டும் ஏறும். டாக் கிளட்ச் கழலும்போது கீழே இருந்து சுத்தியலால் அடிப்பதுபோல டக் டக்கென்று கேட்கும், லீவரிலும் அதிரும்.

மிகச் சிறிய மோட்டார்களில் ரப்பருக்குப் பதில் ஷியர் பின் எனும் மெல்லிய ஊசி இருக்கும். இடித்தால் அது முறியும், புரொப்பல்லர் சும்மா கிடக்கும். மாற்று ஊசி ஒன்றைப் படகிலேயே வைத்திருங்கள். ஆணியைச் செருகி ஓட்டுகிறவர்கள் உண்டு. அந்த ஆணி முறியாது, அடுத்த முறை கியர்தான் முறியும்.

புரொப்பல்லரைக் கழற்றும்போது, நட்டு கழலாமல் பூட்டும் வளைந்த கம்பியான கோட்டர் பின்னை நிமிர்த்தி எடுங்கள், இதழுக்கும் மேலேயுள்ள தட்டுக்கும் நடுவே ஒரு மரக்கட்டையை வைத்து நட்டைத் தளர்த்துங்கள். வாஷர்கள் எந்த முகம் எந்தப் பக்கம் இருந்தன என்று ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். தண்டைத் துடைத்துவிட்டு உற்றுப் பாருங்கள். தூண்டில் நைலான் சுற்றியிருக்கும். மீன் பொறிக்கூடையின் கயிறு என்றால் வெளியிலேயே தெரியும். நைலான் அப்படியில்லை, உள்ளே போய் ஆயில் சீலை அறுத்துக்கொண்டிருக்கும். சீல் அறுந்தால் கியர் எண்ணெயில் கடல்நீர் கலக்கும். திரும்ப மாட்டும்போது தண்டில் கடல்நீர் தாங்கும் கிரீஸைத் தாராளமாகத் தடவி, புதுக் கோட்டர் பின் போடுங்கள்.

கையால் மூன்று நிலைச் சோதனை

புரொப்பல்லரில் குற்றமில்லை என்றால் அடுத்தது இது. எஞ்சின் நின்றிருக்கிறது, பிளக் வயர் பிடுங்கியாயிற்று. பின்னால் நின்று புரொப்பல்லரைக் கையால் சுற்றுங்கள்.

நியூட்ரலில் இரு பக்கமும் தடையில்லாமல் சுற்ற வேண்டும். முன் கியரில் பல மோட்டார்களில் ஒரு பக்கம் இறுகி நிற்கும், மறுபக்கம் டிக் டிக்கென்று சத்தத்தோடு தாண்டித் தாண்டிச் சுற்றும். முன்பக்கப் பற்களின் சரிவு அப்படி. அது கோளாறு அல்ல. ரிவர்ஸில் இரு பக்கமும் இறுகி நிற்க வேண்டும்.

முன்னால் சரியாக விழுந்து ரிவர்ஸ் விழவில்லை, அல்லது நேர்மாறாக என்றால், கேபிள் அளவு ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது என்று முதலில் சந்தேகப்படுங்கள். நியூட்ரலில் டிக் டிக் கேட்டாலும் அதே சந்தேகம்தான். எந்த நிலையிலும் எதுவும் மாட்டவில்லை என்றால் நடுவில் எங்கோ இணைப்பு விட்டுப்போயிருக்கிறது.

கேபிளைப் பிரித்துப் பாருங்கள்

இந்தச் சோதனை ஒன்றுக்காகவே இவ்வளவும் எழுதலாம். எஞ்சின் மூடியைத் திறங்கள். உள்ளே இரண்டு கேபிள்கள் வரும், ஒன்று வேகத்துக்கு, ஒன்று கியருக்கு. யாரையாவது லீவரை முன்னும் பின்னும் அசைக்கச் சொல்லிப் பார்த்தால் எது எது என்று தெரிந்துவிடும். கியர் கேபிளின் நுனி ஷிஃப்ட் கையிலுள்ள ஊசியில் மாட்டி, ஒரு சின்னக் கிளிப்பால் பூட்டப்பட்டிருக்கும். அந்தக் கிளிப்பே கழன்று விழுந்திருந்தால் உங்கள் கோளாறு அங்கேயே முடிந்தது. துருப்பிடித்த கிளிப் உதிர்ந்துபோவது உப்புக்காற்றில் சாதாரணம்.

கிளிப் இருந்தால் அதைக் கழற்றி, கேபிளை ஊசியிலிருந்து எடுத்துவிடுங்கள். இப்போது லீவரை அசையுங்கள். லீவர் இன்னும் கல்லாக இருந்தால் குற்றம் கேபிளிலோ பெட்டியிலோ. லீவர் லேசாகப் போகிறது, ஆனால் ஷிஃப்ட் கையைக் கையால் தள்ளினால் இறுகி நிற்கிறது என்றால் குற்றம் எஞ்சின் பக்கம். ஷிஃப்ட் கையைத் தள்ளும்போது ஒருவர் புரொப்பல்லரை மெல்லச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லையென்றால் நல்ல கியர்பாக்ஸும் இறுகியதாகத்தான் தெரியும்.

இறுகிய கேபிளுக்கு எண்ணெய் ஊற்றிப் பிழைக்க வைக்கப் பார்ப்பவர்கள் அதிகம். இரண்டு நாள் ஓடும், மூன்றாம் நாள் கடலில் நிற்கும். உறைக்குள் உப்பு புகுந்து துருப்பிடித்த கேபிளுக்கு ஒரே மருந்து புதுக் கேபிள். உறை வெடித்திருந்தாலும், நுனியில் பழுப்பு நீர் கசிந்திருந்தாலும் யோசிக்காதீர்கள். வாங்கும் முன் பழைய கேபிளின் நீளத்தை அளந்துகொள்ளுங்கள். உறையில் நீளமும் எண்ணும் அச்சிட்டிருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். குட்டையான கேபிளை இழுத்து மாட்டினால் மோட்டாரைத் திருப்பும்போதெல்லாம் கியர் அசையும். நீளமானதை மடக்கிச் சொருகினால் வளைவில் இறுகும். புதுக் கேபிள் போகும் வழியில் கூர்மையான வளைவே இருக்கக் கூடாது.

கேபிள் லேசாக ஓடியும் கியர் அரைகுறையாக விழுந்தால் அளவு சரிசெய்ய வேண்டும். லீவரை நியூட்ரலில் வையுங்கள். ஷிஃப்ட் கையையும் நியூட்ரலில் வையுங்கள், புரொப்பல்லர் இரு பக்கமும் சும்மா சுற்றுகிறதா என்று உறுதி செய்யுங்கள். இப்போது கேபிள் நுனியின் ஓட்டையும் ஊசியும் இழுக்காமல் தள்ளாமல் தானாக ஒன்றின்மேல் ஒன்று வர வேண்டும். வரவில்லை என்றால் பூட்டு நட்டைத் தளர்த்தி, நுனியைத் திருகி நீட்டவோ குறைக்கவோ செய்யுங்கள். கேபிள் ஆட்டம் இருந்தால் அதை ஒரு பக்கமாக இழுத்துவைத்து அளக்காமல், ஆட்டத்தின் நடுவில் வைத்து அளவெடுங்கள். நுனி மரையில் போதுமான ஆழம் ஏறியிருக்க வேண்டும். குறைந்தது 8 மில்லிமீட்டர் என்பது யமஹா சொல்லும் கணக்கு. அதற்கும் குறைவாகத்தான் ஏறுகிறது என்றால் வேறு எங்கோ தப்பு இருக்கிறது. பூட்டு நட்டை இறுக்கி, புதுக் கிளிப் போட்டு, மூன்று நிலைச் சோதனையை மறுபடி செய்யுங்கள்.

கைப்பிடி மோட்டாரில் இந்த வேலை இல்லை. லீவரின் அச்சு வறண்டு இறுகியிருக்கும். ஊடுருவும் எண்ணெய் அடித்து, அசைத்து, கிரீஸ் போட்டால் பெரும்பாலும் விட்டுக்கொடுக்கும்.

சத்தமும் குணமும்

கியர் விழும்போது படகே குலுங்குகிறது என்றால் ஐடில் வேகத்தைப் பாருங்கள். பல மோட்டார்களுக்கு 700-லிருந்து 1000 சுற்றுக்குள்தான் இருக்க வேண்டும். சரியான எண் கையேட்டில் இருக்கும். குளிர்ந்த எஞ்சின் நின்றுநின்று போகிறதே என்று ஐடில் திருகை ஏற்றிவைத்துவிட்டுப் படகை விற்றவர்கள் நிறைய. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு சுற்று எண்ணும் டாக்கோமீட்டர் வைத்து இறக்குங்கள். காதை நம்ப வேண்டாம்.

நேர்மாறாக, கியர் விழுந்த உடனே எஞ்சின் அணைகிறது என்றால் ஐடில் குறைவு, அல்லது கார்புரேட்டரில் அழுக்கு, அல்லது புரொப்பல்லரில் ஏதோ சுற்றியிருக்கிறது. கியரைத் திட்ட வேண்டாம்.

கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் மோட்டாரில் கயிறே வரவில்லையா? எஞ்சின் இறுகிவிட்டது என்று பயப்படாதீர்கள். கியரில் இருக்கும்போது ஸ்டார்ட் ஆகாமல் தடுக்கும் பூட்டு ஒன்று அங்கே உண்டு. லீவர் சரியாக நியூட்ரலுக்கு வராவிட்டால் அது கயிற்றைப் பிடித்துக்கொள்ளும். லீவரை இப்படி அப்படி லேசாக ஆட்டி மறுபடி இழுத்துப் பாருங்கள்.

கேபிள் அளவும் சரி, ஐடிலும் சரி, ஆனாலும் வேகம் கொடுத்தால் முன் கியர் டக் டக்கென்று கழல்கிறது என்றால், டாக் கிளட்ச் தேய்ந்துவிட்டது என்றே எடுத்துக்கொள்ளலாம். அதோடு ஓட்டாதீர்கள். ஒவ்வொரு முறை கழலும்போதும் உருளையோடு பெரிய சக்கரத்தின் பல்லும் சேர்ந்து தேய்கிறது.

கியர் எண்ணெய் சொல்வது

கியர்பாக்ஸைத் திறக்காமல் உள்ளே பார்க்க ஒரே வழி எண்ணெயை இறக்கிப் பார்ப்பது. மோட்டாரை நேராக நிறுத்தி ஒரு இரவு விட்டுவையுங்கள். காலையில் கீழ்த் திருகை முழுதும் கழற்றாமல் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். எண்ணெயைவிடத் தண்ணீர் கனம், அதனால் உள்ளே தண்ணீர் இருந்தால் முதலில் அதுதான் சொட்டும். பிறகு கீழே பாத்திரம் வைத்து, கீழ்த் திருகையும் மேல் திருகையும் எடுத்துவிடுங்கள். அகலமான திருப்புளியாக இருக்கட்டும். ஒல்லியானது திருகின் வாயைத் தின்றுவிடும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பழைய ஜான்சன், எவின்ரூட் மோட்டார்களில் எண்ணெய்த் திருகுக்குப் பக்கத்திலேயே நட்சத்திர வாய் கொண்ட இன்னொரு திருகு இருக்கும். அது எண்ணெய்க்கானதல்ல. உள்ளே கியர் மாற்றும் பாகத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் அச்சு அது. அதைக் கழற்றினால் பாகம் உள்ளே விழுந்துவிடும், பிறகு கியர்பாக்ஸைப் பிரிப்பதைத் தவிர வழியில்லை.

வரும் எண்ணெய் கருத்திருந்தால் பரவாயில்லை, பழசு. பால் கலந்த நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. சீல் மாற்ற வேண்டும், அதுவரை கடலுக்குப் போக வேண்டாம். கீழ்த் திருகின் முனையில் காந்தம் இருந்தால் விரலால் துடைத்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் வழவழவென்று மசை ஒட்டியிருப்பது சாதாரணத் தேய்மானம். நகக்கண்ணில் குத்துகிற சில்லோ, உடைந்த பல்லின் துண்டோ வந்தால் கதை வேறு.

எதுவும் இல்லையென்றால் புது எண்ணெய் போடுங்கள். பல மோட்டார்களுக்கு எஸ்.ஏ.ஈ. 90 ஹைபாய்டு கியர் எண்ணெய் போதும், அதிலும் கடல் மோட்டாருக்கென்று விற்பதையே வாங்குங்கள். 15 குதிரைசக்தி மோட்டாருக்குக் கால் லிட்டர் அளவுதான் பிடிக்கும். கீழ் ஓட்டையிலிருந்து பம்பால் ஏற்றுங்கள். மேல் ஓட்டை வழியாகக் காற்றுக் குமிழி இல்லாமல் எண்ணெய் வழியும் வரை ஏற்றி, முதலில் மேல் திருகைப் பூட்டி, பிறகு பம்பை எடுத்த கையோடு கீழ்த் திருகைப் போடுங்கள். மேலிருந்து ஊற்றினால் உள்ளே காற்று தங்கிவிடும். திருகின் வாஷர் இரண்டையும் புதிதாகப் போடுங்கள். பழைய வாஷரைத் திரும்பப் போட்டுவிட்டு சீலைக் குறை சொல்கிறவர்கள் உண்டு. 100 மணி நேரத்துக்கு ஒரு முறை, அல்லது வருடம் ஒரு முறை, எது முந்துகிறதோ அப்போது மாற்றுவது பொதுவான கணக்கு.

ஒன்று சொல்கிறேன். காவடி நாளுக்கு முந்தின மாலையில் எண்ணெயை இறக்கிவிட்டு வாஷருக்கு அலையாதீர்கள். தைப்பூசம் இங்கே அரசு விடுமுறை, கடையும் அடைத்திருக்கும், நாமும் கோயிலில்தான் இருப்போம்.

கீழ்ப்பகுதியை இறக்குவது

கியர்பாக்ஸ் இருக்கும் கீழ்ப்பகுதியை மோட்டாரிலிருந்து கழற்றி இறக்குவது உங்களால் முடியும், ஆனால் தேவையென்றால் மட்டும். ஷிஃப்ட் ராடு இணைப்பு விட்டுப்போயிருந்தாலோ, வாட்டர் பம்ப் மாற்றும்போதோதான் இந்த வேலை. ஷிஃப்ட் ராடை எப்படிப் பிரிப்பது என்பது மோட்டாருக்கு மோட்டார் மாறும். பல சிறிய மோட்டார்களில் மேல் ராடும் கீழ் ராடும் மரை போட்ட ஒரு இணைப்பால் சேர்ந்திருக்கும். அதைத் தளர்த்தும் முன் எத்தனை மரை வெளியே தெரிகிறது என்று எண்ணி எழுதுங்கள், படமும் எடுங்கள். திரும்ப மாட்டும்போது இரண்டு சுற்று கூடினாலோ குறைந்தாலோ கியர் அரைகுறையாக விழும். முன்பு நன்றாக இருந்த மோட்டார் பம்ப் மாற்றிய பிறகு ரிவர்ஸ் விழவில்லை என்கிறீர்களா, பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

இறக்கும் முன் மோட்டார் எந்தக் கியரில் இருக்க வேண்டும் என்று கையேடு சொல்லும். சிலவற்றுக்கு நியூட்ரல், சிலவற்றுக்கு முன் கியர். உப்பில் பிடித்துக்கொண்ட போல்ட்டுகளை ஒரே மூச்சில் திருகாதீர்கள், தலை முறிந்துவிடும். ஊடுருவும் எண்ணெய் அடித்து ஒரு நாள் விடுங்கள். திரும்ப மாட்டும்போது எல்லா மரையிலும் கிரீஸ் தடவுங்கள்.

கியர்பாக்ஸின் உள்ளே, பல்சக்கரங்கள் பக்கம் போகாதீர்கள். சக்கரங்களுக்கு நடுவே இருக்க வேண்டிய இடைவெளியை மெல்லிய தகடுகள் வைத்து அளந்துதான் சேர்க்க வேண்டும், அதற்கான கருவிகள் வேண்டும். மெக்கானிக்கிடம் கொடுக்கும்போது, மோட்டாரைப் படகில் பிடித்திருக்கும் தாங்கியின் தகட்டில் உள்ள மாடல் எண்ணையும் வரிசை எண்ணையும் எழுதிக் கொடுங்கள். பாகம் தேட அதுதான் வேண்டும். போர்ட் லூயிஸ் கடைகளில் கிரியோலில் பேசினால் வேலை சீக்கிரம் முடியும்: நியூட்ரல் ப்வென் மோர், ரிவர்ஸ் மார்ஸ் அர்யேர், புரொப்பல்லர் லெலிஸ், எண்ணெய் தெல்வில். செய்த சோதனைகளையும் வரிசையாகச் சொல்லுங்கள். கேபிளைப் பிரித்தும் ஷிஃப்ட் கை இறுகுகிறது என்று சொன்னால், அவர் வேலை பாதி குறையும், உங்கள் கூலியும்.

கடலில் வைத்து நின்றால்

முதலில் நங்கூரம். தென்கிழக்குக் காற்று அடிக்கும் மாதங்களில் படகு பவழத்தின்மேல் போய் உட்கார அதிக நேரம் ஆகாது. படகு நின்ற பிறகு மூடியைத் திறந்து கிளிப்பைப் பாருங்கள். கழன்றிருந்தால் ஒரு துண்டுக் கம்பியை வளைத்து மாட்டினாலே கரைசேரலாம்.

கேபிள் அறுந்திருந்தால், எஞ்சின் நின்றிருக்கும்போதே ஷிஃப்ட் கையைக் கையால் முன் கியருக்குத் தள்ளலாம். ஆனால் ஒன்று கவனம்: பல படகுகளில், கியரில் ஸ்டார்ட் ஆகாமல் தடுக்கும் நியூட்ரல் காவல் சுவிட்ச் லீவர் பெட்டியில்தான் இருக்கிறது. லீவர் நியூட்ரலில் நின்றால், எஞ்சின் கியரில் இருந்தாலும் ஸ்டார்ட் ஆகிவிடும். ஆன நொடியில் படகு பாயும். எல்லோரும் உட்கார்ந்திருக்க வேண்டும், தண்ணீரில் யாரும் இருக்கக் கூடாது, நங்கூரம் மேலே வந்திருக்க வேண்டும், கில் கார்டு உங்கள் உடம்பில் கட்டியிருக்க வேண்டும். ஐடிலிலேயே வாருங்கள். ரிவர்ஸ் இல்லை என்பதால் காற்றை எதிர்த்தே கரைக்கு வந்து, கில் கார்டை இழுத்து நிறுத்துங்கள். பவழத் தடுப்புக்கு வெளியே இருந்தால் இந்த வித்தை வேண்டாம். அலை உடைகிற வாய்க்கால் வழியாக ரிவர்ஸ் இல்லாத படகைக் கொண்டுவருவது ஆபத்து. வி.எச்.எஃப். ரேடியோவின் 16-ஆம் சேனலில் உதவி கேளுங்கள்.

சரிசெய்த பிறகு

ஆழம் குறைந்த, கூட்டமில்லாத இடத்தில் சோதியுங்கள். ஐடிலில் முன், நியூட்ரல், ரிவர்ஸ் என்று பல முறை மாற்றிப் பாருங்கள். நியூட்ரலில் படகு தானாக ஊர்ந்தால் கேபிள் அளவை மறுபடி பார்க்க வேண்டும். ரிவர்ஸில் கொஞ்சம் வேகம் கொடுத்து, மோட்டார் பின்னால் தூக்கிக்கொள்ளாமல் ரிவர்ஸ் பூட்டு பிடிக்கிறதா என்று கவனியுங்கள். பிறகு முன்னால் முழு வேகம் வரை மெல்ல ஏற்றுங்கள். திரும்பி வந்து கேபிள் கிளிப், பூட்டு நட்டு இரண்டையும் விரலால் தொட்டுப் பாருங்கள்.

எண்ணெய் மாற்றியிருந்தால் சில மணி நேரம் ஓடிய பிறகு கீழ்த் திருகைக் கொஞ்சம் தளர்த்தி ஒரு சொட்டு எடுத்து நிறம் பாருங்கள். ஒவ்வொரு முறை கரைக்கு வந்ததும் நன்னீரில் கழுவுங்கள். மாதம் ஒரு முறை ஷிஃப்ட் கையின் அச்சுகளில் கிரீஸ் வையுங்கள். நவம்பரிலிருந்து மே வரை புயல் காலம், படகு வாரக்கணக்கில் கரையிலேயே கிடக்கும். அப்போது வாரம் ஒரு முறை போய், ஒரு கையால் புரொப்பல்லரைச் சுற்றிக்கொண்டே லீவரை முன்னும் பின்னும் மாற்றிவிட்டு வாருங்கள். அசையாமல் கிடக்கிற கேபிள்தான் முதலில் பிடித்துக்கொள்ளும்.